மாவு புளிச்சிடுச்சு, மாங்காய் புளிக்குது: இந்தச் சொல்லை எங்கே எப்படிச் சொல்கிறோம்?

மடிப்பாக்கம் மலர்:
எங்கள் அலுவலகத்தில் ஒடிசாவிலிருந்து வந்த தோழி ஒருத்தி தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள், நன்றாகவே பேசுகிறாள். புளிப்பு என்றால் என்ன என்று கேட்டாள். எலுமிச்சை, புளி, மாங்காய் என்று சொன்னதும் புரிந்துவிட்டது. ஆனால் பீச்சில் மாங்காய்த் துண்டு வாங்கிச் சாப்பிட்டபோது "மாங்காய் புளிச்சுப்போச்சு" என்றாள். அப்படிச் சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம், ஏன் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் வரவில்லை. மாவு புளிச்சுப்போச்சு சரி, தயிர் புளிச்சுப்போச்சு சரி, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு என்பதும் சரி. மாங்காய்க்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? அகராதியில் இருப்பதை என்னாலும் பார்த்துக்கொள்ள முடியும். வீட்டிலும் கடையிலும் நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பெரம்பூர் ஈரமாவு:
நான் மாவு அரைத்து விற்பவன், இந்தச் சொல் எங்கள் கடையில் காலையிலிருந்து இரவு வரை புழங்கும். வாடிக்கையாளர் கேட்பது மூன்று விதம். "புளிக்காத மாவு குடுங்க" என்றால் குழந்தைக்கு இட்லி, அல்லது இரண்டு நாள் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். "புளிச்ச மாவு இருக்கா" என்றால் இன்றைக்கே தோசை. "நல்லா புளிச்சது, நேத்து மாவு இருந்தா குடுங்க" என்றால் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். இதில் கவனிக்க வேண்டியது, 'புளித்தது' என்பது எங்கள் தொழிலில் குறை கிடையாது, மாவு அடைய வேண்டிய நிலை அது. குறை சொல்ல வேண்டுமென்றால் "ரொம்ப புளிச்சிடுச்சுப்பா", "புளிப்பு தூக்கலா இருக்கு" என்பார்கள்.

இன்னொன்று, பொங்குவது வேறு, புளிப்பது வேறு. மே மாத வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கி, நாம் அசந்தால் புளித்தும் விடும். மார்கழியில் இராத்திரி முழுக்க வைத்தாலும் சில நாள் பொங்காது, அப்போது "மாவு புளிக்கவே இல்ல" என்று திட்டு வாங்குவோம். பொங்கியதா என்று கண்ணால் பார்க்கலாம். புளித்ததா என்று மூக்குக்கும் நாக்குக்கும்தான் தெரியும்.

மயிலாப்பூர் தமிழ் வாத்தியார்:
மலர், உங்கள் தோழி கேட்டது மிக நல்ல கேள்வி. தாய்மொழிக்காரர்கள் யோசிக்காமல் கடந்துபோகும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

'புளி' என்ற வினைக்குத் தமிழில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று இயல்பைச் சொல்வது. மாங்காய் புளிக்கும், எலுமிச்சை புளிக்கும், அரநெல்லி புளிக்கும். அது அந்தக் காயின் குணம், நேற்றும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். இரண்டாவது, மாறுவதைச் சொல்வது. மாவு, தயிர், மோர், கள், பழையசோற்றுத் தண்ணீர் இவையெல்லாம் முதலில் புளிப்பாக இருப்பதில்லை, நேரம் போகப்போகப் புளிப்பாகின்றன. 'போச்சு', 'விட்டது' என்ற துணைவினைகள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்பவை. ஆகவே 'புளித்துப்போச்சு' என்றால் முன்னால் புளிக்காமல் இருந்தது என்ற செய்தியும் அதற்குள் வந்துவிடுகிறது. மாங்காய் எந்தக் காலத்தில் புளிக்காமல் இருந்தது? உண்மையில் அது எதிர்த் திசையில் போகிறது, பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறைந்து இனிக்கிறது. தோழியின் வாக்கியம் காதில் உறுத்துவது இதனால்தான்.

நரிக்கதையில் வரும் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்ற வரியையும் இதோடு வைத்துப் பாருங்கள். நரி பழத்தைத் தின்னவே இல்லை. தின்றிருந்தால் "புளிக்குது" என்று சொல்லியிருக்கும். எட்டாத பழத்தின் குணத்தைப் பற்றித் தானாகத் தீர்ப்பு எழுதுவதால் 'புளிக்கும்'. இதை யாரும் நமக்கு இலக்கண வகுப்பில் சொல்லித்தரவில்லை, ஆனாலும் எந்தப் பாட்டியும் கதை சொல்லும்போது இந்தச் சொல்லை மாற்றியதில்லை.

அப்புறம் காது புளிப்பது. சலிப்பு, திகட்டல், பழசாகிப் போதல் என்ற பொருள்களெல்லாம் இந்த இரண்டாவது வேலையிலிருந்து கிளைத்தவை என்பது என் உறுதியான கருத்து. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தப் பேச்சும் வைத்த மாவைப் போலத்தான், நேரம் அதைப் புளிக்க வைத்துவிடுகிறது. மாங்காயிலிருந்தோ எலுமிச்சையிலிருந்தோ இந்தப் பொருள் பிறந்திருக்க முடியாது, அவற்றின் புளிப்பில் பழமை என்ற வாடையே இல்லை.

ஐஸ்ஹவுஸ் கீரைக்கட்டு:
வாத்தியார் ஐயா, விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. புளிச்சகீரை என்கிறோமே, அது பறித்த நிமிடத்திலேயே புளிக்கும் கீரை, எங்கேயும் ஊறவைத்துப் புளிக்க வைத்தது இல்லை. உங்கள் கணக்குப்படி அது 'புளிக்கிற கீரை' என்றல்லவா இருக்க வேண்டும்? இரண்டாவது, "வாய் புளிச்சதோ மாங்காய் புளிச்சதோன்னு பேசாதே" என்று எங்கள் அம்மா தினமும் சொல்வார். அங்கே மாங்காய் புளிச்சது என்றுதானே வருகிறது?

மயிலாப்பூர் தமிழ் வாத்தியார்:
பழமொழியில் வருவது வெறும் 'புளித்தது'. தின்ற நேரத்தில் நாக்கில் பட்டதைச் சொல்லும் இறந்தகாலம் அது, துணைவினை கிடையாது. "நேத்து வாங்கின மாங்காய் புளிச்சது" என்று நீங்களும் நானும் தாராளமாகச் சொல்லலாம். 'புளிச்சுப்போச்சு' என்றால்தான் தவறு. கேள்வியே அந்தப் 'போச்சு'வைப் பற்றியதுதான். அந்தப் பழமொழி நுட்பமானது, தன் வாயிலிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் பேசுகிறவனைக் கண்டிக்கிறது.

புளிச்சகீரைக்கு நான் மழுப்ப விரும்பவில்லை. அந்தப் பெயர் இறந்தகாலப் பெயரெச்சம் போலத்தான் தோன்றுகிறது, புளிச்சக்காயும் அப்படியே. செடி கொடிகளின் பெயர்கள் பேச்சில் உறைந்து போனவை, அவற்றை வைத்து வாக்கியத்தின் விதியை அளக்கக் கூடாது. நீங்களே அந்தக் கீரையைத் தின்றுவிட்டு "கீரை புளிச்சுப்போச்சு" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். சொன்னால் நேற்று வைத்த கடையல் கெட்டுவிட்டது என்றுதான் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்.

ஐஸ்ஹவுஸ் கீரைக்கட்டு:
கடைசியாகச் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பெயர் பற்றிய கேள்வி இருக்கட்டும்.

கொளத்தூர் தெலுங்குவீடு:
எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். தெலுங்கில் புளித்த மாவுக்கு 'புலிசின பிண்டி', சுவைக்குப் 'புலுப்பு', குழம்புக்குப் 'புலுசு'. எல்லாம் ஒரே வேர்தான். ஆனால் புளியம்பழத்துக்கு மட்டும் 'சிந்தப்பண்டு'. புளிச்சகீரை எங்களுக்கு 'கோங்கூரா'. எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தில் சுவைக்கு 'ஹுளி', அவர்கள் வைக்கும் சாம்பாருக்கும் 'ஹுளி', பழத்துக்கு 'ஹுணசே'. பழத்தையே புளி என்று சொல்வது தமிழும் மலையாளமும்தான். ஆகவே மரத்தின் பேரிலிருந்து சுவைக்குப் பேர் வரவில்லை, சுவையின் பேரைத்தான் மரத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மரத்தின் பேர்தான் முதல் என்றால் பழத்தை வேறு பேரில் சொல்லும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் அதே சுவைச்சொல் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மடிப்பாக்கம் மலர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை! சின்ன வயதிலிருந்து புளி மாதிரி இருப்பதால் புளிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் இரண்டும் எப்போதிலிருந்து இருக்கின்றன, வாத்தியார் ஐயா?

மயிலாப்பூர் தமிழ் வாத்தியார்:
தெலுங்குவீட்டு அன்பர் சொன்ன திசை எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் தமிழுக்குள் இரண்டுமே மிகப் பழையவை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் மரத்தைக் குறிக்கும் புளிக்கு ஒரு விதியும் மற்றப் புளிக்கு வேறு விதியும் சொல்கிறது. மரம் என்றால் நடுவில் 'அம்' சாரியை வரும். புளியங்கொம்பு, புளியம்பூ, புளியங்கொட்டை, புளியம்பழம். மற்றப் புளி, அதாவது சுவை, என்றால் மெல்லெழுத்து மிகும், புளிங்கூழ் என்பது போல. வல்லெழுத்து மிக்கு வந்தாலும் தவறில்லை என்று அடுத்தாற்போல் சொல்கிறது. இன்றைக்குச் சென்னையில் நாம் சொல்லும் புளிக்குழம்பு, புளிச்சாதம், புளிக்காய்ச்சல் எல்லாம் அந்த வல்லெழுத்துக் கணக்கு.

இந்த ஊரிலேயே சான்று கேட்டால் புளியந்தோப்பு இருக்கிறது. தோப்பு மரங்களுடையது, அதனால் 'அம்' வந்திருக்கிறது. 'புளித்தோப்பு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒப்பாது. படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் வடசென்னை முழுக்கத் தொல்காப்பிய விதியைப் பிசகாமல் உச்சரிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் மெய்சிலிர்க்கிறது. (கோடம்பாக்கம் பக்கத்துப் புலியூரை இதோடு சேர்க்காதீர்கள், அது வேறு லி, விலங்கு.)

இலக்கியத்தில் கேட்டால் குறுந்தொகை 167-ஆம் பாட்டு. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிரைப் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் படப் புளிக்குழம்பு வைக்கிறாள், கணவன் இனிது என்று சாப்பிடுகிறான், அவள் முகம் மலர்கிறது. அந்தக் குழம்புக்குப் புலவர் தரும் பெயர் 'தீம்புளிப் பாகர்'. தித்திப்பும் புளிப்பும் சேர்ந்த சொல்.

பெரம்பூர் ஈரமாவு:
புளியங்கொம்பு என்றதும் கேட்கத் தோன்றுகிறது. "பையன் புளியங்கொம்பா புடிச்சுட்டான்" என்று கல்யாண வீட்டில் சொல்கிறார்களே, அதில் புளிப்பு எங்கே வருகிறது?

மயிலாப்பூர் தமிழ் வாத்தியார்:
வரவே இல்லை. அது மரத்தின் உறுதி. புளிய மரத்தின் கிளை எளிதில் முறியாது, பிடித்தால் விழ மாட்டோம், ஆகவே வசதியான, உறுதியான இடத்தில் சம்பந்தம். பேருந்தில் "புளிமூட்டை மாதிரி அடைச்சுட்டாங்க" என்பதிலும் சுவை இல்லை, கெட்டியாகத் திணித்த மூட்டைதான் இருக்கிறது. "வயித்துல புளியைக் கரைக்குது" என்பதில்தான் பொருளும் சுவையும் சேர்ந்து வேலை செய்கின்றன. பயத்தில் வயிற்றுக்குள் ஏற்படும் கலக்கத்தை இதைவிடச் சரியாகச் சொல்லும் தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

குரோம்பேட்டை கெமிஸ்ட்ரி:
பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், என் பங்குக்கு. வாத்தியார் சொன்ன 'இயல்பு, மாற்றம்' பிரிவு வேதியியலிலும் அழகாகப் பொருந்துகிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், இவை செடி தானே உண்டாக்கியவை. மாவிலும் தயிரிலும் இருப்பது லாக்டிக் அமிலம், அது நுண்ணுயிர்கள் சர்க்கரையை உடைத்து உண்டாக்குவது. இட்லி மாவில் முக்கியமான நுண்ணுயிர் லூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ். அது கரியமில வாயுவையும் விடுகிறது, அமிலத்தையும் விடுகிறது. மாவுக்கடை அண்ணன் சொன்ன பொங்குதல் அந்த வாயுவால், புளித்தல் அந்த அமிலத்தால். மாவு பொங்குவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும், பிறகு அமுங்கவும் செய்யும், ஆனால் அமிலம் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் வேகம் குறையுமே தவிர நிற்காது.

புளியில் எனக்குப் பிடித்த விஷயம், மாங்காய் பழுத்தால் அமிலம் குறைகிறது, புளியம்பழம் பழுத்தாலும் டார்டாரிக் அமிலம் அப்படியே இருக்கிறது, சர்க்கரை மட்டும் கூடுகிறது. பழுத்த பிறகும் புளிக்கிற பழத்துக்குச் சுவையின் பெயரையே வைத்தது நியாயம்தான்.

நாக்கு இதை எப்படி அறிகிறது என்பதற்கு ரொம்ப காலம் தெளிவான விடை இல்லை. ஹைட்ரஜன் அயனியைச் செல்லுக்குள் விடும் ஓட்டோப்1 என்ற புரதத்தை 2018-இல் அடையாளம் கண்டார்கள், புளிப்பை உணர அதுதான் வேண்டும் என்பது 2019-இல் எலிகளிடம் உறுதியானது. இனிப்பு, கசப்பு உணரிகளெல்லாம் அதற்குப் பல ஆண்டு முன்பே தெரிந்துவிட்டன.

மாணவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். அமிலம் என்ற சொல்லே வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பது, ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறுவது, வத்தக்குழம்புக்குக் கல்சட்டி தேடுவது எல்லாம் ஒரே பாடம், சமையலறையிலேயே நடத்திவிடலாம்.

நங்கநல்லூர் நர்ஸம்மா:
மருத்துவமனையில் எங்களுக்கு இந்தச் சொல் தினமும் வேண்டும். நோயாளி "புளிச்ச ஏப்பமா வருது" என்றால் ஒன்று, "எதுக்களிக்குது" என்றால் சாப்பிட்டது தொண்டைக்குத் திரும்ப வருகிறது, "நெஞ்சு கரிக்குது" என்றால் எரிச்சல். மூன்றையும் புதிதாக வரும் இளம் டாக்டர்கள் 'அசிடிட்டி' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். வயதானவர்கள் அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள், அதை அப்படியே குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பசி ஏப்பமும் புளி ஏப்பமும் ஒன்றா என்று எங்கள் பாட்டி கேட்பார். பசித்தவனுக்கு வருவதும் மூக்குப்பிடிக்கத் தின்றவனுக்கு வருவதும் வெளியே ஒரே சத்தம், உள்ளே வேறு.

கர்ப்பிணிகள் யாரும் "புளிப்பு சாப்பிட ஆசை" என்று நேராகச் சொல்வதில்லை, "வாய்க்கு ஏதாவது சுள்ளுன்னு வேணும் சிஸ்டர்" என்பார்கள். சுள்ளென்பது காரத்துக்கும் வரும், புளிப்புக்கும் வரும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவல்லிக்கேணி மெஸ் அக்கா:
இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் 'ஊசிப்போச்சு' பக்கம் வரவில்லையே. மலர், உங்கள் தோழிக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான், ஏனென்றால் தப்பாகச் சொன்னால் சாப்பாட்டைக் கொட்டிவிடுவார்கள். மாவும் தயிரும் புளிக்கும். சாம்பார், கூட்டு, பொரியல், சட்னி இவை ஊசிப்போகும், நூல் விடும். பால் திரியும். பால் கெட்டாலும் புளிப்பு வாடைதான் வருகிறது, ஆனாலும் பால் புளிச்சிடுச்சு என்று எங்கள் சமையலறையில் யாரும் சொல்ல மாட்டார்கள், திரிஞ்சுடுச்சு என்பதுதான் பேச்சு. அதே பாலில் உறை ஊற்றித் தயிராக்கிவிட்டால் அப்புறம் அது புளிக்கலாம். சோறு இராத்திரி வரை தாங்காவிட்டால் நொந்துபோச்சு. எண்ணெய்ப் பலகாரம் நாளானால் சிக்கு வாடை. கொப்பரை காறும். கெட்டுப்போச்சு என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது.

இதில் புளித்தது மட்டும்தான் தூக்கிப் போடும் கட்டத்துக்கு வராதது. புளித்த தயிர் மோர்க்குழம்புக்கு, புளித்த மாவு ஊத்தப்பத்துக்கு, புளித்த மோர் தாளித்து மோர்க்களிக்கு. ஊசியதை என்ன செய்தாலும் திருப்ப முடியாது. எங்கள் மெஸ்ஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன்.

சாப்பிட வருபவர்கள் சொல்வதையும் கேளுங்கள். ரசத்தில் "புளி தூக்கல்" என்றால் அளவு கூடிவிட்டது. "புளி பச்சை வாடை அடிக்குது" என்றால் கொதிக்கவில்லை. "புளிப்பே இல்ல, தண்ணியா இருக்கு" என்றால் புளி போதவில்லை. தை, மாசி முடிந்து வரும் புதுப்புளி சிவப்பாக இருக்கும், பழம்புளி கறுத்து இருக்கும். கொட்டை எடுத்துக் கல்லுப்பு சேர்த்து ஜாடியில் அடைத்தால் அடுத்த வருஷம் வரை கவலை இல்லை. அங்கே பாருங்கள், ஒரு வருஷம் வைத்த புளியைக்கூட யாரும் "புளி புளிச்சுப்போச்சு" என்று சொல்வதில்லை, "புளி பழசாயிடுச்சு" என்போம். வாத்தியார் சொன்ன விதிக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மயிலாப்பூர் தமிழ் வாத்தியார்:
அக்கா, இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைத்திருக்காது. நன்றி.

வேளச்சேரி நாஞ்சில்:
நாகர்கோவில்காரன், வேலைக்காகச் சென்னையில். வாத்தியார் சொன்ன மெல்லெழுத்துப் புளி எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. புளிங்கறி என்றுதான் சொல்வோம், மலையாளத்திலும் அப்படியே. இங்கே வந்த புதிதில் 'புளிக்குழம்பு' என்ற சொல் எனக்கு ரொம்பக் கடுமையாகக் கேட்டது. அப்புறம் எங்களுக்குப் புளி என்றால் எது என்று கேட்க வேண்டும். மீனுக்குக் குடம்புளி, மற்றதற்குச் சாதாரணப் புளி. குடம்புளி வேறு மரம், புகையில் காய்ந்து கறுப்பாக இருக்கும், அதன் புளிப்பு மெதுவாக இறங்கும். கொடுக்காப்புளிக்கு உருவத்தால் வந்த பேர், சுற்றிச் சுருண்ட காய், தின்றால் துவர்ப்பும் தித்திப்பும்தான். அதை வைத்து யாராவது தோழிக்குப் புளிப்பு சொல்லித்தந்தால் குழம்பிவிடுவாள்.

மலையாளத்தில் கடுமையான வசவுக்குப் 'புளிச்ச தெறி' என்று பெயர். தமிழில் நாம் வசவைப் புளிக்க வைப்பதில்லை, 'பச்சை பச்சையாத் திட்டினான்' என்கிறோம்.

மடிப்பாக்கம் மலர்:
எல்லோருக்கும் நன்றி. தோழியிடம் வாத்தியாரின் விளக்கத்தையும் மெஸ் அக்காவின் பட்டியலையும் சொன்னேன். உடனே அவள் கேட்டது: "அப்படின்னா பல்லு? மாங்காய் தின்னா பல்லு புளிச்சுப்போச்சுன்னு கேட்டிருக்கேனே?" யாராவது சொல்லுங்கள்.

ஐஸ்ஹவுஸ் கீரைக்கட்டு:
பல்லுக்குச் சரிதான். தின்பதற்கு முன் பல் நன்றாக இருந்தது, தின்ற பிறகு கூசுகிறது, மாறியிருக்கிறது இல்லையா. எங்கள் பக்கம் 'பல்லு கூசுது' என்பதுதான் அதிகம், 'பல்லு புளிச்சிடுச்சு' என்பதும் உண்டு. மாங்காய் நிறையத் தின்று அடுத்த வேளைச் சோற்றைக்கூடக் கடிக்க முடியாமல் போனால் இரண்டாவதைச் சொல்வோம்.

குரோம்பேட்டை கெமிஸ்ட்ரி:
அந்த நேரத்தில் உடனே பல் துலக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அமிலம் பட்டுப் பல்லின் மேற்பூச்சு கொஞ்ச நேரம் இளகியிருக்கும், தேய்த்தால் தேய்மானம் கூடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்துத் துலக்கட்டும்.